பிள்ளைக்கு நரம்பு கிடைக்கவில்லையா? அல்ட்ராசவுண்ட் பார்த்து பிரானுலா போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை செய்கிறேன். தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதுவும் பிள்ளையின் கையில் இரண்டு மூன்று இடத்தில் பஞ்சு ஒட்டிய பிறகுதான் கேட்பார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு குத்தாவது மிச்சமாகியிருக்குமே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும், அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் பிள்ளையை நேரில் பார்க்கும் டாக்டர் சொல்வதுதான் முதலில், நான் சொல்வது அதற்கு அப்புறம்.

அல்ட்ராசவுண்ட் பார்த்து பிரானுலா போடுவது என்றால் என்ன?

பிரானுலா என்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எல்லாரும் சொல்வது, டிரிப் ஏற்றவும் மருந்து செலுத்தவும் ரத்தக்குழாய்க்குள் விட்டுவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். ஊசியோடு சேர்ந்து உள்ளே போகும், அப்புறம் ஊசியை உருவிவிடுவோம், பிளாஸ்டிக் மட்டும் தங்கும். (உள்ளே ஊசி இருக்கிறது, அசைந்தால் குத்திவிடும் என்று பயந்து பிள்ளையைத் தூக்காமலே உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் உண்டு. ஊசி இல்லை, தாராளமாகத் தூக்கலாம்.) வழக்கமாக ரத்தக்குழாயை (நரம்பு என்று நாம் பேச்சில் சொல்வது இதைத்தான்) கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் கண்டுபிடிப்போம். இரண்டுக்கும் அகப்படாதபோது, கர்ப்பகாலத்தில் வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களே, அதே தொழில்நுட்பம்தான், அதில் ஒரு சின்னக் கருவியைப் பிள்ளையின் கையில் வைத்து, தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாயைத் திரையில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துகிறோம்.

இதில் கதிர்வீச்சு உண்டா?

இல்லை. வெறும் ஒலி அலைதான். எக்ஸ்ரேக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பெரியவர்களுக்குச் சட்டென்று கிடைக்கிற நரம்பு பிள்ளைகளுக்கு ஏன் கிடைப்பதில்லை?

பல காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. ரத்தக்குழாயே சின்னது. நாலு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்குக் கையின் பின்புறம்கூடக் கொழுப்பு மூடியிருக்கும், எடை போட்ட ஆரோக்கியமான குழந்தைக்குத்தான் பல நேரம் அதிகக் கஷ்டம். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று உடம்பில் நீர் குறைந்தால் குழாய் சுருங்கிவிடும், குளிர்ந்த அறையில் இன்னும் சுருங்கும், பயந்து அழுதால் இன்னும் மோசம். குறைமாதத்தில் பிறந்து பல வாரம் ஆஸ்பத்திரியில் இருந்த குழந்தைகளுக்கு ஏற்கெனவே கையிலும் காலிலும் நிறையக் குத்தியிருப்பார்கள், நல்ல குழாய்களில் சில அப்போதே அடைபட்டிருக்கும்.

அதோடு பிள்ளை கையை இழுக்கும். எவ்வளவு அனுபவம் உள்ள கையாக இருந்தாலும் அசையும் கையில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் போச்சு.

என் பிள்ளைக்கு இது தேவைப்படுமா என்று முன்பே தெரியுமா?

ஓரளவு தெரியும். நரம்பு கிடைப்பது கஷ்டமாக இருக்குமா என்று முன்பே கணிக்க டிவா ஸ்கோர் என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, 2008-ல் வெளியானது. ரப்பர் பட்டை கட்டிய பிறகும் குழாய் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் 2, விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் 2, வயது ஒன்றுக்குக் கீழே என்றால் 3, ஒரு வயது நிரம்பி மூன்று நிரம்பாத பிள்ளை என்றால் 1, குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் 3. கூட்டினால் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் முதல் குத்திலேயே கிடைக்காமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். எட்டு மாதக் குழந்தை, கையில் ஒன்றும் தெரியவில்லை என்றாலே 5 ஆகிவிடுகிறது பாருங்கள். அந்தக் குழந்தையை நாலு பேர் மாறி மாறிக் குத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் மெஷினைத் தேடிப் போவதில் அர்த்தமே இல்லை, முதலிலேயே மெஷினை எடுத்து வர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

எங்கள் பிள்ளை நல்ல கறுப்பு. அதனால்தான் நரம்பு தெரியவில்லையா?

கருமையான தோலில் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம், அது உண்மை. ஆனால் பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை, கண்ணை மட்டும் நம்பிச் செய்யும் முறைக்குத்தான் அந்த எல்லை. அல்ட்ராசவுண்டுக்குத் தோலின் நிறம் ஒரு பொருட்டே இல்லை. நம் பிள்ளைகளுக்கு இது முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன்.

கையில் பச்சையாகவோ சிவப்பாகவோ வெளிச்சம் அடித்து நரம்பைக் காட்டும் மெஷின் பார்த்திருப்பீர்கள். அது வேறு. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதை வைத்து, மேலாக ஓடும் குழாய்களின் படத்தைத் தோலின் மேலேயே காட்டுகிறது. எடுத்து வைப்பதும் சுலபம். ஆனால் குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லாது, ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அதற்குத் தெரியவும் தெரியாது.

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை புது மெஷின் வந்ததால் போடுகிறார்களா?

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் நடந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், நரம்பு கிடைப்பது கஷ்டம் என்று முன்பே கணிக்கப்பட்ட 167 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். அல்ட்ராசவுண்ட் குழுவில் 85.4 விழுக்காட்டினருக்கு முதல் குத்திலேயே கிடைத்தது, வழக்கமான முறையில் 45.8 விழுக்காடு. போட்ட பிரானுலாவும் அதிக நாள் தாங்கியது.

ஆனால் இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கனடாவில் 2015-ல் வெளியான ஆய்வில் 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்தார்கள், கஷ்டமானவர்கள் என்று பொறுக்கி எடுக்கவில்லை, அவசரப் பிரிவுக்கு வந்த எல்லா வகைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதில் அல்ட்ராசவுண்டும் சரி, அகச்சிவப்பு ஒளியும் சரி, முதல் குத்து வெற்றியைக் கூட்டவில்லை. நான் இதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: கையில் கயிறு மாதிரி நரம்பு தெரியும் பத்து வயதுப் பையனுக்கு மெஷின் வேண்டாம், நேரம்தான் வீண். கஷ்டமான பிள்ளைக்கு, அதுவும் பழகிய கையால் செய்யும்போது, பெரிய வித்தியாசம். ஃபிலடெல்ஃபியாவில் செய்தவர்கள் இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள், மெஷினைக் கொடுத்ததும் யாருக்கும் அந்த எண்ணிக்கை வந்துவிடாது.

படத்தில் என்னதான் தெரிகிறது? எனக்கு எல்லாம் கறுப்பு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரிந்தது.

திரையில் கறுப்பாக, வட்டமாகத் தெரிவது ரத்தக்குழாய், ஏனென்றால் திரவம் ஒலியைத் திருப்பி அனுப்பாது. கறுப்பு வட்டங்கள் இரண்டு மூன்று இருக்கும், எது சிரை (இதயத்துக்கு ரத்தம் திரும்பிப் போகும் குழாய்), எது தமனி (இதயத்திலிருந்து ரத்தம் வரும் குழாய்) என்று பிரிப்பதுதான் முதல் வேலை. கருவியை லேசாக அழுத்தினால் சிரை உடனே சப்பையாகிவிடும், தமனி அவ்வளவு சுலபத்தில் மடங்காது, துடித்துக்கொண்டிருக்கும். டிரிப் போடுவது சிரையில். அழுத்தியும் சிரை மடங்கவில்லை என்றால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

அப்புறம் ஊசி. குழாயைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பதுபோல் கருவியை வைத்தால் ஊசியின் நுனி ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். இங்கேதான் ஏமாறுவோம், ஊசியின் எந்த இடத்தை வெட்டிப் பார்த்தாலும் புள்ளியாகத்தான் இருக்கும், அது நுனியா, நடுப்பகுதியா என்று தெரியாது. அதனால் கருவியை ஒரு துளி முன்னால் நகர்த்துவோம், புள்ளி மறைந்துவிடும், ஊசியை ஒரு துளி முன்னால் தள்ளுவோம், புள்ளி திரும்பத் தோன்றும், அதுதான் நுனி. மறைய வைத்து, தோன்ற வைத்து, மறைய வைத்து, தோன்ற வைத்து, கறுப்பு வட்டத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கும்வரை போக வேண்டும். அங்கேயும் நிறுத்திவிடக் கூடாது. குழாய்க்குள்ளேயே இன்னும் கொஞ்ச தூரம் அதே மாதிரி போன பிறகுதான் பிளாஸ்டிக்கைத் தள்ள வேண்டும். ரத்தம் தெரிந்ததுமே தள்ளுவதுதான் பல பிரானுலா வெளியே போய்விடக் காரணம்.

பார்க்க நிதானமாக, மெதுவாகச் செய்வதுபோல் இருக்கும். பக்கத்தில் நிற்கும் அப்பாக்கள் "என்ன மிஸ்ஸி, இவ்வளவு நேரம்" என்று கேட்பதுண்டு. அந்த நேரம் வீணாவதில்லை, குத்தாமல் பார்க்கும் நேரம் அது.

எந்த இடத்தில் குத்துவார்கள்?

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருக்கும் பகுதி எனக்குப் பிடித்த இடம். மூட்டு இல்லை, கையை மடக்கினாலும் குழாய் மடங்காது, பிள்ளை விளையாடலாம். கைக்குழந்தைகளுக்குக் காலின் உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னால் ஓடும் பெரிய சிரை நல்லது, எல்லாருக்கும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். நடக்க ஆரம்பித்த பிள்ளைக்குக் காலில் போட்டால் நடை போய்விடும், அதனால் கைதான் முதலில்.

சின்னக் குழந்தைக்குத் தலையில் போடுவதும் உண்டு. அந்த இடத்தில் முடியை மழிக்க வேண்டியிருக்கும், முதல் மொட்டை போடாத குழந்தை என்றால் பாட்டிமார் மனம் கஷ்டப்படுவார்கள், எனக்குப் புரிகிறது. வேறு இடத்தை மெஷின் வைத்துப் பார்க்க முடியுமா என்று தாராளமாகக் கேளுங்கள். அவசரமாக இருந்தால் மட்டும் தயவுசெய்து தடுக்க வேண்டாம்.

போவதற்கு முன்னால் கைக்காப்பு, கருகமணி, கறுப்புக் கயிறு, கால் தண்டை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கையோ காலோ வீங்கினால் அவை இறுக்கிவிடும், வீங்கிய பிறகு கழற்றுவது பெரும்பாடு.

வலி குறையுமா?

ஒரு குத்தின் வலி அப்படியேதான் இருக்கும். குத்தின் எண்ணிக்கைதான் குறையும்.

வலிக்குத் தனியாகச் செய்ய வேண்டியது இருக்கிறது, அதை மெஷின் வந்ததால் மறந்துவிடக் கூடாது. மரத்துப்போக வைக்கும் எம்லா கிரீம் பூசி மேலே பிளாஸ்டிக் ஒட்டி ஒரு மணி நேரம் விட வேண்டும், ஐந்து நிமிடத்தில் துடைத்தால் பலனில்லை. எங்கே குத்தப் போகிறோம் என்று அல்ட்ராசவுண்டில் முன்பே பார்த்து அந்த இடத்தில் பூசினால் இன்னும் நல்லது. கைக்குழந்தைக்கு எவ்வளவு, எங்கே என்று டாக்டர் சொல்லாமல் நீங்களாகப் பூசாதீர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே குத்தலாம், வலி குறைகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். சில வார்டுகளில் நாக்கில் சில சொட்டு சர்க்கரைக் கரைசல் விடுவோம். வளர்ந்த பிள்ளையைப் படுக்க வைத்து நாலு பேர் அமுக்குவதைவிட அம்மா மடியில் உட்கார வைத்து, மார்போடு அணைத்து, ஒரு கையை மட்டும் வெளியே நீட்டச் செய்வது எவ்வளவோ மேல். போனில் பாட்டு போடுங்கள். "வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள், அடுத்த தடவை உங்களையும் நம்பாது, எங்களையும் நம்பாது.

எத்தனை தடவை குத்த விடலாம்? கேட்டால் கோபப்படுவார்களோ?

ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் முயலக் கூடாது என்பது அமெரிக்காவில் இந்த வேலைக்கான நர்ஸ்கள் சங்கத்தின் வழிகாட்டுதல். என் கருத்தில், கஷ்டமான பிள்ளை என்று தெரிந்தால் அந்த இரண்டுக்கும் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு தோல்வியும் ஒரு குழாயைக் கெடுக்கிறது, அடுத்தவர் வரும்போது இடம் குறைந்திருக்கும், பிள்ளையும் களைத்திருக்கும்.

கேளுங்கள். மரியாதையாக, குத்துவதற்கு முன்னால் கேளுங்கள், மூன்றாவது குத்துக்குப் பிறகு சத்தம் போடுவதைவிட அது நூறு மடங்கு பலன் தரும். "போன தடவை இவளுக்கு அஞ்சு இடத்துல குத்துனாங்க, கடைசியில வலது காலுல கிடைச்சது" என்று சொன்னாலே எங்களுக்குப் பெரிய உதவி. தமிழ் தெரிந்தவர் அந்த ஷிப்டில் இல்லை என்றால் மலாயில், "அனாக் சாயா சூசா நாக் சுச்சோக், போலே குனா அல்ட்ராசவுண்ட் தாக்?" (என் பிள்ளைக்குக் குத்துவது கஷ்டம், அல்ட்ராசவுண்ட் பயன்படுத்தலாமா?) என்று கேட்டால் போதும். எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் மெஷினும், அதைப் பிடிக்கத் தெரிந்தவரும் இருக்க மாட்டார்கள். இல்லை என்றால், வார்டிலேயே நன்றாகப் போடுபவர் யார், மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட முடியுமா என்று கேளுங்கள்.

இவ்வளவு கஷ்டம் என்றால் டிரிப் இல்லாமலே முடியாதா?

பல நேரம் முடியும்! இதைச் சொல்ல எனக்கு ரொம்ப ஆசை. "தண்ணி ஏத்துங்க, அப்பத்தான் தெம்பு வரும்" என்று கேட்டு வரும் குடும்பங்கள் நிறைய. சாதாரண வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்பூன் வீதம் பொறுமையாகக் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும், வாந்தி எடுத்தாலும் கொஞ்சம் நிறுத்தி மறுபடி கொடுக்கலாம். மூக்கு வழியாக வயிற்றுக்குச் சின்ன டியூப் விட்டுக் கொடுப்பதும் ஒரு வழி. டெங்கியில் டிரிப்பை அளந்துதான் ஏற்ற வேண்டும், தேவைக்கு மேல் ஏற்றினால் நுரையீரலைச் சுற்றியும் வயிற்றிலும் நீர் சேர்ந்து ஆபத்தாகிவிடும், அதனால் டெங்கிப் பிள்ளைக்கு "இன்னும் ரெண்டு பாட்டில் போடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். அதே டெங்கியில் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது தோற்றுப்போன ஒவ்வொரு குத்தும் நீலமாகக் கன்றிவிடும் என்பதால் ஒரே குத்தில் கிடைப்பது இன்னும் முக்கியம்.

உயிருக்கு ஆபத்தான அவசரத்திலும் அல்ட்ராசவுண்ட் தேடுவார்களா?

மாட்டார்கள், தேடவும் கூடாது. பிள்ளை அதிர்ச்சி நிலையில், உணர்வில்லாமல் இருந்து, நரம்பு உடனே கிடைக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஊசி செலுத்தி மருந்து கொடுப்பார்கள். கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் எலும்பு மஜ்ஜையிலிருந்து மருந்து ரத்தத்துக்கு உடனே போய்ச் சேரும். அந்த நேரத்தில் டாக்டர்களை விட்டுவிடுங்கள்.

போட்ட பிறகு நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?

ஆழத்தில் இருக்கும் குழாயில் போட்ட பிரானுலா நழுவினால் மருந்து ஆழத்திலேயே கசியும், மேலே வீக்கம் தெரியக் கொஞ்சம் தாமதமாகும். அதனால் இரண்டு கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தடித்து, இறுக்கமாக, சில்லென்று, வெளுத்து அல்லது சிவந்து இருந்தாலும், மருந்து போகும்போது மட்டும் பிள்ளை அழுதாலும், டிரிப் மெஷின் சத்தம் போடும்வரை காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். நாங்களும் பார்ப்போம், ஆனால் ராத்திரி மூன்று மணிக்குப் பிள்ளையின் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். ஒட்டிய இடத்தைத் துணி, போர்வை போட்டு மறைக்காதீர்கள். வீங்கிய இடத்தில் கோடாலித் தைலமோ வேறு எதுவோ தேய்க்க வேண்டாம், எந்த மருந்து கசிந்தது என்பதைப் பொறுத்துத்தான் என்ன செய்வது என்று முடிவாகும், தேய்ப்பது சில மருந்துகளுக்குக் கெடுதல்.

நான் நர்ஸ். இதைக் கற்றுக்கொள்ள முடியுமா, டாக்டர் மட்டும்தான் செய்வார்களா?

நர்ஸ்கள் செய்யலாம், பல நாடுகளில் செய்கிறார்கள், உங்கள் ஆஸ்பத்திரியில் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். கோழியின் நெஞ்சுக்கறிக்குள் தண்ணீர் நிரப்பிய மெல்லிய பலூனைச் சொருகி அதில் நுனியைத் தேடிப் பழகுங்கள், குழந்தையின் கை பயிற்சிக்கான இடம் இல்லை. அப்புறம் முன்னங்கையில் பெரிய குழாய் உள்ள வளர்ந்த பிள்ளைகள், கடைசியில்தான் கைக்குழந்தைகள்.

ஆரம்பத்தில் கஷ்டப்படுத்துவது இரண்டு விஷயம். ஒன்று, கருவியை அழுத்திப் பிடிப்பது: குழந்தையின் சிரை அந்த அழுத்தத்திலேயே சப்பையாகித் திரையிலிருந்து காணாமல் போய்விடும், நிறைய ஜெல் போட்டுத் தோலைத் தொட்டும் தொடாமல் பிடிக்க வேண்டும், விரலைப் பிள்ளையின் கையில் ஊன்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று நீளக் கணக்கு. மஞ்சள் நிற 24 அளவு பிரானுலா ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் நீளம். 45 டிகிரி சாய்வில் குத்தினால் 5 மில்லிமீட்டர் ஆழத்துக் குழாயை அடையவே 7 மில்லிமீட்டர் போய்விடும், உள்ளே 12 மிஞ்சும், நல்லது. அதே சாய்வில் 10 மில்லிமீட்டர் ஆழம் என்றால் 14 போய்விடும், 5 மட்டும் உள்ளே நிற்கும், ஒரு தடவை பிள்ளை கையை ஆட்டினால் வெளியே வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் நீல நிற 22, அதாவது 25 மில்லிமீட்டர் எடுங்கள், அல்லது ஆழம் குறைந்த வேறு குழாயைத் தேடுங்கள். திரையை உங்கள் பார்வைக்கு நேர் எதிரே வைத்துக்கொள்ளுங்கள், கழுத்தைத் திருப்பிக்கொண்டு யாராலும் குத்த முடியாது. கருவிக்கு உறை, கிருமி நீக்கிய ஜெல், இரண்டும் கட்டாயம்.

என் பிள்ளைக்குப் பல வாரம் மருந்து ஏற்ற வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இப்படியா?

வேண்டியதில்லை. சில நாளைக்கு மேல் போகும் என்றால் கொஞ்சம் நீளமான மிட்லைன் குழாய், பல வாரம் என்றால் கையிலிருந்து இதயத்துக்குப் பக்கம்வரை போகும் பிக் லைன் என்று வழிகள் உண்டு, அவையும் இப்போது அல்ட்ராசவுண்ட் பார்த்துத்தான் போடுகிறார்கள். முதல் நாளே "எத்தனை நாள் மருந்து, எந்தக் குழாய் சரி" என்று டாக்டரிடம் கேளுங்கள், கையில் இருக்கும் எல்லா இடமும் தீர்ந்த பிறகு கேட்டால் அவருக்கும் கஷ்டம்.

அடுத்த தடவைக்கு எதையாவது எழுதி வைக்க வேண்டுமா?

ஆமாம், போனிலேயே எழுதுங்கள்: தேதி, எந்தக் கை அல்லது கால், எந்த இடத்தில் கிடைத்தது, பிரானுலாவின் நிறம், எத்தனை குத்து, அல்ட்ராசவுண்ட் பயன்படுத்தினார்களா, எத்தனை நாள் தாங்கியது. கிடைத்த இடத்தை ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதைக் காட்டினால் முதலில் எங்கே பார்ப்பது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.